காலையில் கேட்கும் ‘டிக் டிக்’: என்ஜினை இறக்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வணக்கம் ஐயா. நான் வெள்ளவத்தையில், காலி வீதியின் கடற்கரைப் பக்கம் இருக்கிறேன். அப்பா வைத்திருந்த 1998ஆம் ஆண்டு கொரோலா 110 காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். 5ஏ பெற்றோல் என்ஜின், மனுவல் கியர். இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. சில மாதங்களாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். எக்சலேட்டரை மிதித்தால் அதுவும் வேகமாகி, பலமாகக் கேட்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு நன்றாகக் குறைந்துவிடும், ஆனால் முழுதாகப் போகாது. ஒரு கராஜில் காட்டினேன். பெயரிங் போய்விட்டது, என்ஜினை இறக்கிவிட்டு, பாவித்த ஹாஃப் என்ஜின் ஒன்று போட வேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் இது டேப்பட் சத்தம், 20 டபிள்யூ 50 என்ற கெட்டியான ஒயில் போட்டு ஒரு மருந்தும் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மாவை இதே காரில் யாழ்ப்பாணம் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். போகலாமா? இன்னொரு விஷயம், சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதோ தெரியவில்லை: இப்போது பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கிறது. ட்ரபிக்கில் நிற்கும்போது புகை மணம் வருகிறது, தலை இடிக்கிறது என்று அம்மா சொல்கிறார். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த விஷயம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. காருக்குள் புகை மணம் வருகிறது, ஒருவருக்குத் தலை இடிக்கிறது என்றால், சத்தத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதைத்தான் கவனிக்க வேண்டும். என்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. உங்கள் அம்மாவுக்குத் தெரிகிற மணம் புகையிலுள்ள மற்றப் பொருட்களுடையது. அந்த மணம் உள்ளே வருகிறதென்றால் மணமில்லாத இந்த வாயுவும் கூடவே வருகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், காரணமில்லாத சோர்வு எல்லாம் அதன் ஆரம்ப அறிகுறிகள். காரை விட்டு இறங்கி வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றதும் அம்மாவுக்குச் சரியாகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் சந்தேகம் இன்னும் பலமாகிறது. அவரை ஒரு டாக்டரிடமும் காட்டுங்கள், காரில் புகை மணம் வருவதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

புகை எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் 5ஏ என்ஜினில் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய்) முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே கசிகிற புகை என்ஜினுக்கு மேலால் பின்னோக்கி வந்து, முன் கண்ணாடியின் அடியில் இருக்கும் காற்று வாங்கும் துவாரத்துக்குக் கிட்டச் சேர்கிறது. கார் ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அந்த வசதி இல்லை. ட்ரபிக்கில் நிற்கும்போது மணம் வருகிறது என்று நீங்கள் எழுதியது இதோடு அப்படியே பொருந்துகிறது. ஏசியை உள்காற்றுச் சுற்றில் வைத்தால் மணம் குறையலாம், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். திருத்தும் வரை அம்மாவை அதில் ஏற்றாதீர்கள். கராஜுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். உங்கள் பக்கத்து அடுக்குமாடிகள் சிலவற்றில் வாகனங்களை நிலக்கீழ்த் தளத்தில் நிறுத்துகிறார்கள். அந்த மாதிரி இடத்தில் என்ஜினை ஓடவிட்டுச் சோதனை செய்யவே கூடாது. நான் கீழே சொல்லும் எல்லாமே திறந்த வெளியில் செய்ய வேண்டியவை.

இனிச் சத்தத்துக்கு வருவோம்.

என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன்: எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டும் என்ஜினும் பொருந்தும் இடத்தைக் கசியாமல் அடைக்கும் கஸ்கட் எரிந்திருக்க வேண்டும், அல்லது மெனிபோல்ட்டிலேயே வெடிப்பு விழுந்திருக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் பலமாகக் கேட்பது, மிதித்தால் கூடுவது, சூடானதும் அடங்குவது, புகை மணம், கூடுதல் பெற்றோல் ஆகிய ஐந்தும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. வார்ப்பிரும்பு சூடாகும்போது விரியும். விரியும்போது அந்த இடுக்கு நெருங்கி மூடிக்கொள்ளும், சத்தம் அடங்கும். மறுநாள் காலையில் குளிர்ந்து சுருங்கியிருக்கும், மறுபடி சத்தம் வரும். பெற்றோல் விஷயமும் இதில்தான் இருக்கிறது. வெடிப்பு வழியாகப் புகை வெளியே வருவது மட்டும் நடப்பதில்லை. ஒவ்வொரு அடிக்கும் இடையில் மெனிபோல்ட்டுக்குள் அழுத்தம் ஒரு கணம் விழும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். அந்தக் காற்றை ஒட்சிசன் சென்சர் பார்க்கிறது. கலவையில் பெற்றோல் குறைவு என்று கணினி நினைத்துக்கொண்டு, தேவையில்லாமல் கூடுதலாக ஊற்றுகிறது.

ஆனால் இது ஊகம் மட்டும்தான். கடிதத்தைப் படித்து ஊகிக்கலாம், முடிவு சொல்ல முடியாது. உங்களுக்கு முடிவு சொன்ன இரண்டு கராஜ்காரர்களும் எந்தச் சோதனையைச் செய்துவிட்டுச் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. செய்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பொனட்டைத் திறந்து, அரை நிமிடம் கேட்டுவிட்டு, ‘பெயரிங்’ என்று சொல்வது வைத்தியம் ஆகாது. இப்போது ஸ்கேனரில் பழகிய இளம் மெக்கானிக்குகள் பலர் ஹைபிரிட் கார்களில் கெட்டிக்காரர்கள். உங்கள் காரின் டிக் சத்தத்தை எந்த ஸ்கேனரும் காட்டாது. காதும், ஒரு துண்டுக் குழாயும், கொஞ்சம் பொறுமையும்தான் வேண்டும்.

முதல் வேலை, காசு செலவில்லாதது: ஒயில் பாருங்கள். காரைச் சமமான தரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இவ்வளவு ஓடிய என்ஜின் ஒயிலைக் கொஞ்சம் எரிக்கத்தான் செய்யும். கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருந்தால் மற்றச் சோதனை எதையும் தொடங்க வேண்டாம். ஒயிலை நிரப்பி, இரண்டு நாள் ஓட்டி, சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். ஸ்டார்ட் பண்ணிய முதல் இரண்டு மூன்று நொடி மட்டும் டிக் டிக் என்று அடித்துவிட்டு நின்றுவிடுகிற கார்களும் உண்டு. இரவில் ஒயில் கீழே இறங்கிவிடாமல் பிடித்து வைக்கும் ரப்பர் வால்வு ஃபில்டருக்குள் இருக்கிறது. மலிவான போலி ஃபில்டர்களில் அது சரியாக வேலை செய்வதில்லை. உங்கள் சத்தம் பத்து நிமிடம் நீடிப்பதால் இது உங்கள் கதை இல்லை. ஆனாலும் ஃபில்டரை நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

அடுத்தது, சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்பது பழைய முறை. உலோகம் உலோகத்தில் தட்டும் சத்தம் அதில் தெளிவாக வரும். புகை கசியும் சத்தத்துக்கு அது உதவாது. அதற்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு மீற்றர் துண்டு வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மெனிபோல்ட்டுக்கு மேலால் மெதுவாக நகர்த்துங்கள். கசியும் இடம் வந்ததும் ‘டிக்’ என்றிருந்தது ‘ப்ஸ், ப்ஸ்’ என்று மாறும். ஒருமுறை கேட்டால் பிறகு மறக்காது. சால்வை, துப்பட்டா, அவிழ்த்துவிட்ட கூந்தல் எதுவும் வேண்டாம். பெல்ட்டும் ரேடியேட்டர் ஃபேனும் பக்கத்திலேயே ஓடுகின்றன. ஃபேன் தானாகவே திடீரென்று சுழலத் தொடங்கும்.

கண்ணால் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. இரவு முழுக்க நின்ற காரில், மெனிபோல்ட்டை மூடியிருக்கும் தகரக் கவசத்தைக் கழற்றிவிட்டு, என்ஜினின் மேற்பாகமான ஹெட்டோடு அது பொருந்தும் ஓரத்தில் கறுப்புக் கரிப் படிவு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கசிந்த இடத்தில் கரி விசிறி விரித்தாற்போல் படிந்திருக்கும். பிறகு சவர்க்காரத் தண்ணீரை அந்த ஓரத்தில் தடவி, ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் நுரை பொங்கினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு மெனிபோல்ட் சூடாகித் தண்ணீர் காய்ந்துவிடும், அதனால் இதைக் காலையில்தான் செய்ய முடியும். கவசத்தைக் கழற்றும்போதே ஒரு விஷயம் கவனியுங்கள்: அதன் ஆணிகள் துருப்பிடித்து, தகரம் தளர்ந்து, அதுவே அடிபட்டுக்கொண்டு இருக்கவும் கூடும். கடற்கரைப் பக்கக் கார்களில் இது சாதாரணம். அப்படியென்றால் உங்கள் செலவு இரண்டு ஆணியோடு முடிந்தது. ஆனால் அம்மாவின் தலையிடிக்கு அது பதில் ஆகாது.

இப்போது உங்களை இரண்டாகக் குழப்பிய அந்தக் கேள்வி: டேப்பட்டா, பெயரிங்கா?

டேப்பட் மேலே, வால்வுகளைத் திறக்கும் காம் ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிறது. பெயரிங் கீழே, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டில் இருக்கிறது. காம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. ஐட்லிங்கில் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், கிராங்க் நொடிக்குப் பதின்மூன்று முறையும், காம் ஆறு ஏழு முறையும் சுற்றும். அதனால் ஒரு வால்வின் டேப்பட் தளர்ந்திருந்தால் நொடிக்கு ஆறு ஏழு தட்டு. பிக் என்ட் பெயரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது) தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அதன் இருமடங்கு வேகம், சத்தமும் ‘டிக்’ என்று இருக்காது, ‘டக் டக்’ என்று அடிவயிற்றிலிருந்து வரும். என்ஜின் சூடாகி ஒயில் இளகும்போது பெயரிங் சத்தம் கூடும், குறையாது. உங்களுடையது குறைகிறது. முதலாவது கராஜ் சொன்னதை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான்.

வேகத்தைக் காதால் எண்ண முடியாது. டைமிங் லைட்டை ஒன்றாம் பிளக் வயரில் மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள என்ஜினில் அந்தப் பிளக் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பொறி விடும், லைட்டும் அப்படியே மின்னும். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் கோளாறு மேலே, வால்வுப் பக்கம். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டு என்றால் கீழே, கிராங்க் பக்கம்.

ஆனால் ஒரே சிலிண்டரின் எக்ஸோஸ்ட் கசிவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சத்தம் போடும். டேப்பட்டின் அதே தாளம். மெனிபோல்ட் கசியும் கார்களுக்கு டேப்பட் என்று பெயர் வைப்பது இதனால்தான் நடக்கிறது. இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டரின் வயர் கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பெற்றோல் நின்றதும் அந்தச் சிலிண்டரில் எரிதல் நின்றுவிடும். கசிவுச் சத்தம் என்றால் கசிகிற சிலிண்டரை நிறுத்தியதும் அடங்கிவிடும். டேப்பட் சத்தமோ கொஞ்சமும் மாறாது, ஏனென்றால் எரிந்தாலும் எரியாவிட்டாலும் வால்வு திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கும். சிலர் பிளக் வயரைக் கையால் இழுத்து இதைச் செய்வார்கள். வேண்டாம். ஷொக் அடிக்கும், கொயிலுக்கும் கெடுதல், எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய்ச் சேரும். இன்ஜெக்டர்களே மெல்லியதாக டிக் டிக் என்று சத்தமிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான்கிலும் ஒரே மாதிரிக் கேட்டால் அது நோய் இல்லை.

தளர்ந்த பிளக்கும் இதே சத்தத்தைத் தரும். என் கராஜுக்கு ஒருவர் ஒரு பழைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் ரீகண்டிஷன் என்ஜினுக்கு முற்பணம்கூடக் கொடுத்துவிட்டு, கடைசியாக ஒரு வார்த்தை கேட்டுப் போகலாம் என்று வந்தவர். பிளக் வயர்களைக் கழற்றியதும் மூன்றாவது பிளக்கைச் சுற்றி வட்டமாகக் கருகிய கறை தெரிந்தது. ஸ்பானரைப் போட்டேன், விரல் பலத்துக்கே சுழன்றது. கடைசி சேர்விஸில் யாரோ இறுக்க மறந்திருக்கிறார்கள். எரிகிற காற்று மரைக்கு மேலால் தப்பி, ஒவ்வொரு அடிக்கும் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது. புதுப் பிளக் போட்டு, டொர்க் ரெஞ்சில் 18 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கிக் கொடுத்தேன். உங்கள் காரிலும் நான்கு பிளக்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கூடவே, நல்ல இருட்டில் பொனட்டைத் திறந்துவைத்து என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய பிளக் வயர்களில் நீலப் பொறி பறந்தால், அதுவும் டிக் டிக் என்றுதான் கேட்கும். மழைக்கால ஈரத்தில் இது கூடும்.

இத்தனையும் பார்த்து, மெனிபோல்ட் சுத்தம், பிளக் சரி, சத்தம் மேலே வால்வுக் கவரில்தான் கேட்கிறது என்றால் அப்போது டேப்பட்டுக்கு வரலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் என்ஜினில் ஸ்க்ரூவைத் திருகி இறுக்கும் டேப்பட் கிடையாது. காமுக்கும் வால்வுக்கும் நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு பக்கட்டும், அதன்மேல் வட்டமான ஷிம்மும் இருக்கின்றன. இடைவெளியை மாற்ற வேண்டுமென்றால் ஷிம்மை வேறு தடிப்பில் மாற்ற வேண்டும். ‘டேப்பட் டைட் பண்ணித் தாறேன், அரை மணித்தியால வேலை’ என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்த என்ஜின் தெரியாது. காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

தெரிந்தவர் என்ன செய்வார் என்றால், என்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகு வால்வுக் கவரைக் கழற்றி, பதினாறு வால்வையும் ஃபீலர் கேஜால் அளந்து ஒரு தாளில் எழுதுவார். உள்ளெடுக்கும் வால்வுகளுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். புகை போகும் வால்வுகளுக்கு அதைவிடச் சற்றுக் கூட, உங்கள் மாடலுக்குரிய அளவை சேர்விஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய ஷிம்மை மைக்ரோமீற்றரில் அளந்து, இடைவெளி எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவு தடிப்பான ஷிம்மைப் போட வேண்டும். அவை 0.05 மில்லிமீற்றர் படிகளில் கிடைக்கின்றன. ஒரு வால்வுக்குப் பொருந்தாத ஷிம் இன்னொன்றுக்குப் பொருந்தும், அதனால் எல்லாமே புதிதாக வாங்க வேண்டியதில்லை. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண்களை எழுதித் தருகிற மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள்.

டேப்பட்டைப் பற்றி என் மனதில் உறுதியாக உள்ள ஒன்று: சத்தம் போடுகிற வால்வைவிடச் சத்தமே போடாத வால்வு ஆபத்தானது. ஓட ஓட, புகை போகும் வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்து இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வுக்குத் தன் சூட்டை இறக்கிவைக்க இடம் இல்லை, ஓரம் எரிந்துபோகும். அதனால் ‘சத்தம் போனால் போதும்’ என்று இடைவெளியைக் குறைத்து வைப்பவர் உங்களுக்கு ஒரு ஹெட் வேலையைத் தயார் செய்கிறார். இந்த என்ஜின் சீராக ஓடும்போது தையல் மெஷின் மாதிரி மெல்லிய சத்தம் கேட்கத்தான் செய்யும். அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

அப்பா இருந்த காலத்தில் ஹெட்டைக் கழற்றி வேலை செய்திருக்கிறார்களா என்று பழைய பில்களில் தேடிப் பாருங்கள். இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் ஒரு காமைத்தான் சுழற்றுகிறது. அந்தக் காம் பல்சக்கரத்தால் மற்றக் காமைச் சுழற்றும். பல்லும் பல்லும் தளர்வாக அடிபடாமல் இருக்க, ஒரு பல்சக்கரத்தை இரண்டு தட்டாகச் செய்து நடுவில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். காமைக் கழற்றும்போது அந்த இரண்டு தட்டையும் ஒரு சின்ன ஆணியால் பூட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பூட்டாமல் கழற்றி அப்படியே திரும்பப் பூட்டினால் ஸ்பிரிங்கின் இழுப்பு போய்விடும். அதன்பிறகு எத்தனை ஷிம் மாற்றினாலும் மேலே தட்டிக்கொண்டே இருக்கும்.

20 டபிள்யூ 50 விஷயம். கொழும்பு வெயிலில் அந்த ஒயில் இந்த என்ஜினைக் கொன்றுவிடாது, பழைய கார்களுக்கு அதைப் போட்டுப் பழகியவர்கள் நிறையப் பேர். ஆனால் சத்தத்துக்கு அது மருந்து இல்லை. கெட்டியான ஒயில் உலோகச் சத்தத்தைக் கொஞ்சம் மூடும், மெனிபோல்ட் வெடிப்பை ஒட்டாது. உள்ளே உண்மையிலேயே பெயரிங் தேய்ந்திருந்தால், அது முற்றும் வரை உங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்கும். காலையில் மேலே காம்கள் வரை ஒயில் ஏறவும் தாமதமாகும். கைநூலில் சொன்ன தரத்திலேயே இருங்கள், 10 டபிள்யூ 30 போதும். போத்தலில் வரும் ‘மருந்து’களுக்குக் கொடுக்கும் காசில் ஒரு மெனிபோல்ட் கஸ்கட் வாங்கிவிடலாம்.

ஹாஃப் என்ஜின் சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஒயில் பிரஷர் எவ்வளவு இருந்தது?’ பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீற்றரைப் பூட்டினால் தெரிந்துவிடும். என்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் சதுர சென்ரிமீற்றருக்கு 0.3 கிலோவுக்குக் குறையக் கூடாது, 3000 சுற்றில் 2.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று அவர் சொன்னாலும், நீங்களே அப்படி நினைத்தாலும், அது போதாது. பிரஷர் அடிமட்டத்துக்கு விழுந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும். எண்கள் சரியாக இருந்தால் ஹாஃப் என்ஜின் பேச்சை அதோடு நிறுத்திவிடலாம். பிரஷர் குறைவாக இருந்து, டைமிங் லைட் சோதனையும் கீழ்ப்பக்கத்தைக் காட்டினால் மட்டும் அவர் சொன்னது சரி. அப்போது காரை ஓட்டாமல் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அந்த ஐந்து வருடமும் இந்த மாதிரிப் பழைய கார்கள்தான் எத்தனையோ குடும்பங்களைச் சுமந்தன, 2022இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்றதும் இவைதான். ஒழுங்காக ஒயில் மாற்றினால் 5ஏ என்ஜின் இன்னும் பல வருடம் ஓடும். அதை ஒரு கஸ்கட்டுக்காகக் கழற்றி இரும்புக்குப் போடுவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கும் ஹாஃப் என்ஜின் எவ்வளவு ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. உங்களுடையதன் சரித்திரமாவது உங்கள் வீட்டில் இருக்கிறது.

மெனிபோல்ட் வேலைக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஆணிகள்தான். கடற்காற்றில் துருவேறிய ஆணியை அவசரப்பட்டு முறுக்கினால் ஹெட்டுக்குள் ஒடிந்துபோகும், பிறகு அதை எடுப்பதுதான் பெரிய செலவு. முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை அடித்து, இரவு முழுக்க ஊறவிடச் சொல்லுங்கள். கழற்றிய பிறகு, ஹெட்டோடு பொருந்தும் முகத்தில் நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவி எடுக்காமல் புதுக் கஸ்கட் போட்டுப் பயன் இல்லை, சில மாதத்தில் திரும்ப எரியும். வெடித்திருந்தால், வார்ப்பிரும்பை ஒட்டத் தெரிந்தவர்கள் குறைவு. சூடாக்கி, நிக்கல் குச்சியில் ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். அவ்வளவு செய்தும் பல சமயம் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். பஞ்சிகாவத்தையில் வெடிப்பில்லாத பழைய மெனிபோல்ட் ஒன்றைத் தேடி வாங்குவது நல்லது. அங்கே போக எனக்குப் பிடித்த காரணங்களில் அதுவும் ஒன்று. கஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கோன் பசை பூசுகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், அந்தச் சூட்டில் அது நிற்காது. ஆணிகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானூறு கிலோமீற்றர் போவதும் அதே தூரம் வருவதும் இந்தக் காருக்குப் பெரிய விஷயம் இல்லை. கசிவை அடைத்து, ஒயில் பிரஷரை அளந்து, எண்கள் சரியாக இருந்தால் தாராளமாகப் போங்கள். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், அல்லது மாற்றி ஒரு இலட்சம் கிலோமீற்றர் கடந்துவிட்டால், அதையும் மாற்றிவிட்டுப் போங்கள். வவுனியாவுக்கு அங்கால் நடுவழியில் அது அறுந்தால் சிரமப்படுவீர்கள். கொடியேற்றத்துக்குள் வேலை முடியாது போலிருந்தால் அம்மாவை ரயிலில் கூட்டிப் போங்கள், திருவிழா இருபத்தைந்து நாள் நடக்கிறது, தேர், தீர்த்தத்துக்குக் கார் தயாராகிவிடும்.

வேலை முடிந்த அன்றே நீண்ட பயணம் கிளம்ப வேண்டாம். தனியாக நீர்கொழும்பு வரை ஒருமுறை போய்வந்து, காரை இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில் பொனட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள். சவர்க்காரத் தண்ணீர்ச் சோதனையை அப்போது இன்னொருமுறை செய்யுங்கள். நுரை வராவிட்டால், கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து, திறந்த வெளியில் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி வைத்து மணம் வருகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு அந்த மணம் அவ்வளவாகத் தெரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் மூக்குக் கூர்மையான ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். லேசாக மணம் வந்தாலும் உடனே இறங்கிவிடுங்கள், காரைத் திரும்பக் கராஜில் விடுங்கள்.